வானஞ்சல் வழிகாட்டி அம்புகள்

வானஞ்சல் வழிகாட்டி அம்புகள் என்பவை, விமானிகளுக்குத் திசை காட்டுவதற்காக ஐக்கிய அமெரிக்காவில் தரையில் கான்கிரீட்டால் அமைக்கப்பட்ட பெரிய அம்புக்குறிகள் ஆகும். இவை 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் விளக்குக் கோபுரங்களுடன் சேர்த்து நிறுவப்பட்டன. வானொலி வழிகாட்டல் வளர்ந்த பின்னர் இவை கைவிடப்பட்டன. பெரும்பாலான கோபுரங்கள் அகற்றப்பட்டுவிட்ட போதிலும், பாலைவனங்களிலும் மலை முகடுகளிலும் பல அம்புகள் இன்றும் எஞ்சியுள்ளன. இவற்றைத் தேடிக் கண்டறிந்து பதிவு செய்யும் பணியில் வரலாற்று ஆர்வலர்கள் ஈடுபட்டு வருகின்றனர்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் ஒழுங்கான வானஞ்சல் சேவை 1918 மே 15 அன்று வாசிங்டன், பிலடெல்பியா, நியூ யார்க் நகரங்களுக்கு இடையே தொடங்கியது. 1920 செப்டம்பரில் இது சான் பிரான்சிஸ்கோ வரை நீட்டிக்கப்பட்டது. அக்கால விமானிகள் தொடர்வண்டிப் பாதை, ஆறு, நகரம் போன்ற அடையாளங்களைக் கண்ணால் பார்த்தே வழியறிந்தனர். இருட்டில் இது இயலாததால், பகலில் விமானத்தில் சென்ற அஞ்சல் இரவில் தொடர்வண்டிக்கு மாற்றப்பட்டது. இதனால் விமானத்தின் வேகத்தால் கிடைத்த பயன் பெரிதும் குறைந்தது.

1921 பெப்ரவரி 22 அன்று இரவிலும் தொடர்ந்து பறக்கும் சோதனை நடைபெற்றது. பனியிலும் குளிரிலும் நடந்த இச்சோதனையில் ஒரு விமானி நெவாடாவில் உயிரிழந்தார். ஜாக் நைட் என்ற விமானி நார்த் பிளாட் நகரிலிருந்து ஒமாகா வரை பறந்தார். அங்கு மாற்று விமானி இல்லாததால், தாம் அதுவரை பறந்திராத வழியில் சிகாகோ வரையும் தாமே சென்றார். தரையில் மக்கள் மூட்டிய தீ அவருக்கு வழி காட்டியது. அஞ்சல் 33 மணி 20 நிமிடங்களில் நியூ யார்க்கை அடைந்தது. நிலையான விளக்குகள் இருந்தால் இரவுப் பறப்பு இயலும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதன் பின்னர் சிகாகோ - சயான் பகுதியில் விளக்குகள் நிறுவப்பட்டு, 1924 சூலை 1 முதல் ஒழுங்கான இரவுச் சேவை தொடங்கியது. 1926 ஆம் ஆண்டின் வான் வணிகச் சட்டத்தைத் தொடர்ந்து, 1927 இல் வழித்தட விளக்குகளின் பொறுப்பு அஞ்சல் துறையிடமிருந்து வணிகத் துறைக்கு மாறியது. 1933 அளவில் சுமார் 18,000 மைல் நீள வழித்தடங்களில் ஏறத்தாழ 1,500 விளக்குகள் இருந்தன.

அமைப்பு

ஒரு முழுமையான நிலையத்தில் பொதுவாகப் பின்வருவன இருந்தன:

- கோபுரம்: சுமார் 51 அடி உயர எஃகுக் கோபுரம். அதன் உச்சியில் 24 அங்குல விட்டமுள்ள சுழல் விளக்கு பொருத்தப்பட்டது. அது நிமிடத்திற்கு 6 முறை சுழன்றதால், விமானிக்குப் பத்து நொடிக்கு ஒருமுறை ஒளிக்கீற்று தெரிந்தது.
- வழித்தட விளக்குகள்: சுழல் விளக்கின் கீழ் வழித்தடத்தின் இரு திசைகளையும் நோக்கிய இரு விளக்குகள். அவசரத் தரையிறங்கு களம் இருந்தால் பச்சை, இல்லையெனில் சிவப்பு நிறத்தில் இவை ஒளிர்ந்தன.
- அம்பு: 50 முதல் 70 அடி வரை நீளமுள்ள கான்கிரீட் அம்பு. மஞ்சள் வண்ணம் பூசப்பட்டு, கருப்பு ஓரம் இடப்பட்டது. கோபுரம் பெரும்பாலும் அம்பின் நடுவில் நின்றது.
- மின்னாக்கி அறை: மின்சாரம் கிடைக்காத இடங்களில் அம்பின் வால் பகுதியில் அமைந்த சிறு கொட்டகை. அதன் கூரையில் வழித்தடப் பெயரின் சுருக்கமும் நிலைய எண்ணும் எழுதப்பட்டன.

நிலையங்கள் சுமார் 10 மைல் இடைவெளியில் அமைந்தன. வழித்தடத்தின் தொடக்க முனையிலிருந்து உள்ள தொலைவை மைலில் கணக்கிட்டு, அதன் கடைசி இலக்கத்தை நீக்கினால் கிடைப்பதே நிலைய எண் ஆகும். எடுத்துக்காட்டாக, 143 ஆவது மைலில் உள்ள நிலையத்தின் எண் 14. இந்த எண்ணின் கடைசி இலக்கத்திற்கு உரிய மோர்சு எழுத்தை வழித்தட விளக்குகள் மின்னிக் காட்டின. பத்து எழுத்துகள் மட்டுமே இருந்ததால், ஒரே குறி சுமார் 100 மைலுக்கு ஒருமுறை மீண்டும் வந்தது. எனவே விமானி தாம் எந்த நூறு மைல் பகுதியில் இருக்கிறார் என்பதை நினைவில் கொண்டிருக்க வேண்டியிருந்தது.

வீழ்ச்சி

மூடுபனியிலும் கடும் மழையிலும் விளக்கும் அம்பும் பயன்படவில்லை. 1920களின் இறுதியில் வந்த வானொலி வழிகாட்டு நிலையங்கள் இக்குறையைத் தீர்த்தன. சரியான தடத்தில் பறக்கும்போது விமானிக்குத் தொடர் ஒலி கேட்டது. ஒருபுறம் விலகினால் மோர்சு முறையில் 'ஏ', மறுபுறம் விலகினால் 'என்' என்ற எழுத்து கேட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல கோபுரங்கள் எஃகுக்காகப் பிரிக்கப்பட்டன. மொன்டானா மாநிலம் மட்டும் தன் மலைப்பகுதி விளக்குகள் சிலவற்றை 21 ஆம் நூற்றாண்டிலும் இயக்கியது.

எச்சங்களைத் தேடுதல்

தேடுவோர் முதலில் பழைய வான்வழி வரைபடங்களையும் நில அளவைத் துறையின் இடவிளக்க வரைபடங்களையும் பார்க்கின்றனர். இவற்றில் விளக்கு நிலையங்கள் குறிக்கப்பட்டுள்ளன. கோபுரங்கள் உயரமாகவும் நிலையாகவும் இருந்ததால் நில அளவையாளர்கள் அவற்றை அளவைப் புள்ளிகளாகவும் பயன்படுத்தினர். இதன் பயனாக, மறைந்துபோன பல கோபுரங்களின் ஆயத்தொலைவுகள் தேசிய நில அளவைப் பதிவேடுகளில் உள்ளன. அந்த இடங்கள் பின்னர் செயற்கைக்கோள் படங்களில் சரிபார்க்கப்படுகின்றன.

நிலைய எண் முறையும் தேடலுக்கு உதவுகிறது. ஒரு நிலையத்தின் அம்பு அடுத்த உயர் எண் கொண்ட நிலையத்தை நோக்கியது. எனவே ஓர் அம்பு கிடைத்தால், அது காட்டும் திசையில் சுமார் 10 மைல் தொலைவில் அடுத்ததைத் தேடலாம். களத்தில் மஞ்சள் வண்ணம் பெரும்பாலும் மறைந்திருக்கும். அம்பு புதரால் மூடப்பட்டிருந்தாலும், கோபுரத்தின் நான்கு கால்களுக்கான அடித்தளங்களும் மின்னாக்கி அறையின் தளமும் நிலையத்தை அடையாளம் காட்டும்.

தவறான அடையாளங்கள்

தரையில் காணும் கான்கிரீட் குறிகள் அனைத்தும் வானஞ்சலுக்கு உரியவை அல்ல. அரிசோனாவின் காசா கிராண்டே பகுதியில் உள்ள கான்கிரீட் சிலுவைக் குறிகள், 1960களில் வான் ஒளிப்படக் கருவிகளைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்டவை.

எல்லா அம்புகளையும் 1924 இல் அஞ்சல் துறை அமைத்தது என்ற கருத்தும் சரியன்று. யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் அருகே உள்ள அம்புகள் லாஸ் ஏஞ்சலஸ் - சால்ட் லேக் சிட்டி வழித்தடத்தைச் சேர்ந்தவை. அவ்வழியில் வானஞ்சல் சேவையே 1926 ஏப்ரலில்தான் தொடங்கியது.

பாதுகாப்பு

வீட்டுமனை விரிவாக்கம், சாலைப் பணி, உழவு ஆகியவற்றால் பல அம்புகள் அழிந்துள்ளன. பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கூட இல்லாததால், அவை பயனற்ற கான்கிரீட் எனக் கருதப்பட்டு உடைக்கப்படும் வாய்ப்பு உள்ளது. எனவே பாதுகாப்பின் முதற்படி பதிவு செய்தலே ஆகும். பல அம்புகள் தனியார் நிலங்களில் இருப்பதால், அங்கு செல்ல உரிமையாளரின் அனுமதி தேவை. கூட்டாட்சி அரசின் நிலங்களில் உள்ள 100 ஆண்டுகளைக் கடந்த தொல்லியல் எச்சங்களை அனுமதியின்றி அகற்றுவதை 1979 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மிகப் பழைய விளக்கு நிலையங்கள் இப்போது அந்த வயதை எட்டியுள்ளன.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் கிராண்ட்ஸ் நகருக்கு அருகில் உள்ள வான்பயண மரபு அருங்காட்சியகத்தில் கோபுரம், அம்பு, மின்னாக்கி அறை ஆகிய மூன்றையும் ஒருங்கே காணலாம். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் இந்தியன் மவுண்ட்ஸ் பூங்காவில் உள்ள 110 அடி உயர விளக்குக் கோபுரமும் மீளமைக்கப்பட்டுப் பேணப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- கலங்கரை விளக்கம்
- மோர்சு குறி
- வான்வழிப் போக்குவரத்து வரலாறு