புகைக்குழாயில் ஓர் அடுப்பு, அதை அணைத்த ஈயம்

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் பட்டப்பகலில் புகைமூட்டம். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. உலகப்போர் நேரம். எதிரிதான் விஷவாயு போட்டுட்டானோன்னு சிலர் பயந்தார்கள். பிறகு பழி ஒரு செயற்கை ரப்பர் ஆலை மேல் விழுந்தது. ஆலையை மூடிப் பார்த்தும் புகை விடவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர். எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு, வெயில் மூன்றும் சேர்ந்தால் ஓசோன் உருவாகும்னு 1950களின் தொடக்கத்தில் காட்டினார். ஆக, பெரிய குற்றவாளி வாசலில் நிற்கும் கார்தான்!

பெட்ரோல் முழுசா எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிஞ்சும். ஆனா எஞ்சினுக்குள் அப்படி நடப்பதில்லை. அரைகுறையாக எரிந்தது கார்பன் மோனாக்சைடு ஆகிறது. எரியாமல் தப்பியது ஹைட்ரோகார்பனாகவே வெளியே வருகிறது. சரி, அந்த மிச்சத்தைப் புகைக்குழாயிலேயே எரித்துவிட்டால்?

1960களின் நடுவில் அமெரிக்க கார்களில் அதைத்தான் செய்தார்கள். எஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஒரு பம்ப், எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்தில் காற்றைச் செலுத்தும். நம்ம வீட்டு விறகடுப்பில் ஊதுகுழல் செய்யும் அதே வேலை. ஒரே சிக்கல், புகை நல்ல சூடாக இருந்தால்தான் எரியும்.

குறைந்த சூட்டிலும் எரிய வைக்க ஒரு வினையூக்கி வேணும். அதை முன்பே யோசித்துவிட்டார் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1956-ல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனா அன்றைய பெட்ரோலில், எஞ்சின் தட்டாமல் ஓட, ஈயம் கலந்திருந்தார்கள். அந்த ஈயம் வினையூக்கி மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். தன் கருவி தெருவில் ஓடுவதைப் பார்க்காமலே 1962-ல் ஹூட்ரி இறந்துபோனார்.

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு கொஞ்சம் தள்ளிப்போனாலும், 1975 மாடல் கார்களில் பிளாட்டினம், பலேடியம் பூசிய கன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன. பல கார்களில் அதற்கு ஆக்சிஜன் கொடுத்தது அதே பழைய காற்று பம்ப்தான். ஈயப் பெட்ரோல் தவறிக்கூட உள்ளே போகக்கூடாதுன்னு, டேங்க் வாயையே சின்னதாக்கினார்கள்.

நைட்ரஜன் ஆக்சைடு கதை நேர் எதிர். அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கணும். கூடுதல் காற்று இருந்தால் அது நடக்காது. 1976-ல் வால்வோ காரில் வந்த போஷ் ஆக்சிஜன் சென்சார் வழி காட்டியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைப் பிடித்து வைத்தால், ரோடியமும் சேர்ந்த ஒரே கன்வெர்ட்டர் மூன்று நச்சையும் அடக்கும். காற்று பம்ப்புக்கு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் ஓரிரு நிமிட வேலைதான் மிஞ்சியது.

இதில் எனக்குப் பெரிசாகத் தோன்றுவது வேறொன்று. ஈயம் விஷம் என்பது ரொம்பக் காலமாகத் தெரியும். அதைக் குறைக்க உடல்நல விதிகளும் வந்தன. ஆனா ஈயமில்லாப் பெட்ரோலை பங்க் பங்க்காகக் கொண்டுவந்தது, இந்தக் கருவியைக் காப்பாற்றணும் என்ற கட்டாயம். 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் சுமார் 37 சதவீதம் குறைந்தது.

நம்ம ஊரிலும் அதே ஜோடிதான். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளுக்காக அசையாத ஈயம், ஒரு கார் பாகத்துக்காக அசைந்தது.