கேட்டுக்கு வெளியே ஒரு முகவரி

ஒரகடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவரிடம் தொழில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அவங்களுக்குத்தான் ஓட்டிட்டிருக்கோம்" என்பார். ஒரே கம்பெனியை நம்பிய இந்தப் பிழைப்பு இங்கே எப்படி வந்தது என்பதை, ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

நான் தொழில் பழகியது அம்பத்தூரில். 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, அறுபதுகளில் அம்பத்தூர் என்று வளர்ந்த வழி அது. ஷெட்டை ஒட்டி ஷெட். நம்மிடம் மில்லிங் இல்லையென்றால் பக்கத்தில் கொடுப்போம். ஹீட் ட்ரீட்மென்ட் யாரிடம் விரிசல் விடாமல் வரும் என்பது டீக்கடையிலேயே தெரிந்துவிடும். விளம்பரம் என்று யாரும் யோசித்ததில்லை. எல்லோ பேஜஸில் ஒரு வரி வந்தாலே பெரிது.

ஒரகடத்தையும் சேர்த்து இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அப்படி வளரவில்லை. 1996இல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998இல் சான்ட்ரோ ரோட்டுக்கு வந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டைம்லர், மறுவருடம் ராயல் என்ஃபீல்டு. எல்லாம் நீள நீளமான மதில்கள். நடுவில் ஒரு கேட், அங்கே ஒரு செக்யூரிட்டி. விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு வரலாம். அது பர்ச்சேஸ் மேஜைக்குப் போகிறதா என்பது நமக்குத் தெரியாது. உள்ளே தெரிந்தவர் இருந்தால்தான் வேலை. அதுவும் கார் கம்பெனியிடமிருந்து நேராக வராது. அதற்குப் பார்ட்ஸ் கொடுப்பவருக்குப் பார்ட்ஸ் கொடுப்பவரிடமிருந்து வரும்.

விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இன்டியாமார்ட் வெப்சைட்டும் ஹூண்டாய் வந்த அதே 1996இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்திருந்தது. பட்டறைகளுக்கு அது எட்டவே பல வருடங்கள் ஆயின. எங்களுக்கு ட்ராயிங் ஃபேக்ஸில் வந்துகொண்டிருந்த காலம்.

2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வருமான வரி வழக்கில் சிக்கியிருந்ததால், அந்த ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய செல்போன் தொழிலில் இந்த ஆலை சேரவில்லை. தொழிலாளர்களின் துயரம் பத்திரிகையில் வந்தது, வரவேண்டியதுதான். பெரிய ஆலை ஒன்று நின்றால் சுற்றி இருக்கும் வேன்காரர், மெஸ்காரர், சின்னப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் அடி விழும். பட்டறைக்காரருக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. அவர் கையால் என்னென்ன வேலை ஆகும் என்பது அந்த மதிலுக்குள் இருந்த நாலைந்து பேருக்கு மட்டுமே தெரியும். அவர்களும் போய்விட்டால், இருபது வருட அனுபவத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வெப்சைட்டின் அருமை இங்கேதான். எங்கள் பட்டறை வெப்சைட்டில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. மெஷின் லிஸ்ட் இருக்கிறது: எந்த வி.எம்.சி., டேபிள் எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு எடை தாங்கும். சர்ஃபேஸ் பிளேட் மேல் ஹைட் கேஜ் வைத்து ஒரு ஃபிக்ஸ்சரை அளக்கும் படம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு எண், மேப். ஓசூரிலிருந்து விசாரிப்பவர் அந்த அளக்கும் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார். சின்னக் கடைதான், ஆனால் அளந்து அனுப்புகிறவர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த மெயிலில் ட்ராயிங் வருகிறது.

இரண்டாவது வாடிக்கையாளர் வந்த பிறகுதான் முதல் வாடிக்கையாளரிடம் பணம் கேட்கத் தைரியம் வருகிறது. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எங்கள் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒரே கம்பெனியை நம்பியிருப்பவர் இந்தச் சட்டத்தை வாயில் எடுப்பாரா? அடுத்த ஆர்டர் போய்விடுமே! வெப்சைட்டால் வியாபாரம் பெருகும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தத் தைரியம்.

புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வெப்சைட் செய்துதரும் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், டொமைன் பெயரை உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் பதியுங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குச் செய்துகொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருக்கே போயின. பட்டறையின் டொமைன் பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் பட்டறைக்காரர் பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயரையும் சேர்த்து, சொந்த மெயிலில் புதிதாகப் பதிந்திருக்கிறார்.