பொருந்தியும் பொருந்தாதவை

பிள்ளைச்சாவடியில் எங்கள் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். அவர் மகளுக்கு எலும்பு மஜ்ஜை வற்றி இரத்தம் ஊறாத நோய். அண்ணனின் மஜ்ஜை முழுதும் பொருந்துகிறது என்ற மருத்துவர்களே, உடல் அதனைத் தள்ளிவிடவும் கூடும் என்றும் எச்சரித்திருந்தனர். "பொருந்திற்று என்றால் பொருந்தியதுதானே, ஐயா?" என்றார். அதற்கு விடை சுண்டெலிகளின் வரலாற்றில் இருக்கிறது.

1909-இல் அமெரிக்கரான லிட்டில், உடன்பிறந்த சுண்டெலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கத் தொடங்கினார். இருபது தலைமுறை கடந்தால், அந்தக் குடியின் எலிகள் ஏறத்தாழ ஓருடல் போல் ஆகிவிடும். ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்கும். வேற்றுக் குடியின் தோலோ உதிர்ந்துவிடும். ஏன்? லண்டனில் கோரர் 1936-ஆம் ஆண்டையொட்டி, இரத்த அணுக்களில் ஒரு குறியைக் கண்டார். பார் ஹார்பர் ஊரில் ஸ்னெல் அதன் மரபணுவைத் தேடிச் சென்றார். 1947-இல் காட்டுத்தீ அந்த ஆய்வுக்கூடத்தை எரித்தது, எலிகளும் மாண்டன. முன்னர் பிற கூடங்களுக்கு அனுப்பியிருந்த எலிகளின் வழித்தோன்றல்கள் திரும்பி வந்ததால் பணி பிழைத்தது. 1948-இல் அம்மரபணுவுக்கு எச்-2 என்று பெயரிட்டனர்.

எச்-2 வேறுபட்டால் தோல் இரண்டு வாரத்துக்குள் உதிரும். அது ஒத்திருந்தும் சில ஒட்டுகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கிப் பின்னர் வாடின. வேறு பல மரபணுக்களும் இதில் கைவைத்திருந்தன. இவற்றின் விளைபொருள்களுக்குச் 'சிறு ஆன்டிஜென்கள்' என்று பெயர். என் கருத்தில் இப்பெயர் பொருத்தமற்றது. தனித்தனியே மெலிந்தவைதாம், பல கூடினால் எச்-2 போலவே விரைந்து தாக்கும்.

இவற்றுள் வியப்பூட்டுவது ஒன்று. 1955-இல், புதுவையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய மறு ஆண்டில், ஐக்வால்ட், சில்ம்சர் என்னும் இருவர் ஒரே குடியின் எலிகளில் தோல் ஒட்டினர். பெண்ணின் தோலை ஆண் ஏற்றது. ஆணின் தோலைப் பெண் தள்ளிற்று! ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் அங்கே குறியிட்டிருந்தது.

மனிதரில் எச்-2-க்கு இணையானதன் முதற் குறியைப் பாரிசில் தோசே 1958-இல் அறிவித்தார். மருத்துவர் 'பொருத்தம்' என்பது இதனையே. ஆனால் 1976-இல் ஹாலந்து நாட்டு லெய்டனில் கூல்மி என்னும் அம்மையார் ஆராய்ந்த நோயாளி, பொருந்திய அண்ணன் தம்பி ஒருவரின் மஜ்ஜையையே தள்ளியிருந்தாள். அவளுடைய அணுக்கள் ஆண்களின் அணுக்களைத் தேடிக் கொன்றன. எலியிற் கண்டதே பெண்ணிடமும் தோன்றிற்று. 1995-இல்தான் ஒய் குரோமோசோமின் புரதமொன்றிலிருந்து நறுங்கிய சிறு துண்டே அந்தக் குறி என்று தெளிவாயிற்று.

இந்தியாவில் 1983-இல் மும்பையிலும், 1986-இல் வேலூரிலும் மஜ்ஜை மாற்றம் தொடங்கிற்று. சிறு குறிகளின் பூசலை அடக்க மருந்துகள் உண்டு. அவை நோய்க்கிருமிகளுக்கும் வழி திறந்துவிடும் என்பதையும் மறைக்கலாகாது.

இவ்வளவையும் அம்மையாருக்குச் சொன்னேன். உடன்பிறந்தார் ஒருவர் பொருந்துவதே நான்கில் ஒரு வாய்ப்பு. அவருக்கோ வேறு பிள்ளையும் இல்லை. சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, வேலூருக்கு எந்தப் பேருந்தில் ஏறவேண்டும் என்று கேட்டார்.