ஒரு பிடி மணலும் இரண்டு பெருமிதங்களும்

பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் துறை அறைக்குத் தேநீர் வரும். அந்தக் கால் மணி நேரத்தில் நாம் பேசாத பொருள் இல்லை. கைப்பேசி பிள்ளைகளைக் கெடுத்தது, பாடத்திட்டம் நீண்டது, தில்லியில் ஆள்வோர் செய்தது, செய்யாதது எல்லாம் ஒரு குவளைக்குள் அடங்கிவிடும். பேச்சு எங்கே தொடங்கினாலும் கல்வியில் வந்து முடிவது வழக்கம். முடியும்போது இரண்டு கருத்துகள் தவறாமல் எழும். "அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இல்லாததா ஐயா? வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தான்" என்பார் ஒருவர். "வெள்ளைக்காரன் வராதிருந்தால் நீங்களும் நானும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா?" என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் நமக்கு நியாயமாகவே படும். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவோம்.

இந்த இரண்டு பெருமிதங்களையும் ஒரு பிடி மணலை வைத்து நிறுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் தொட்டது ஏட்டையன்று, மணலை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே அவ்வெழுத்தை உரக்கச் சொல்வது முறை. கை படிந்த பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். நெடுங்கணக்கு, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று பாடம் ஏறும். மறுபுறம் எண்சுவடி. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. இவற்றின் பெருக்கல் வாய்பாடுகள் மனப்பாடமாக வேண்டும். நிலமும் நெல்லும் பொன்னும் அந்தப் பின்னங்களில்தாம் அளக்கப்பட்டன. ஆதலின் அது வெறும் உருப்போடல் அன்று, பிழைப்புக்கான கல்வி. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்து, அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவுகளும் வந்தபின், அந்த வாய்பாடுகளுக்கு எஞ்சியிருந்த வேலையும் போயிற்று. அவற்றை மறக்கடித்த பழியை ஆங்கிலத்தின்மீது மட்டும் சுமத்துவது சரியன்று.

ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர். ஆகவே வளர்ந்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆவான். இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், முறை வைத்துப் பாடம் ஒப்பிக்கக் கேட்பதும் அவன் பொறுப்பு. இந்தப் பள்ளியைப் பொற்காலமாகக் காண விழைவோர் கோதண்டத்தையும் மறக்கலாகாது. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துப் பிள்ளையைத் தொங்கவிடும் தண்டனைக்கு அப்பெயர். வில்லேந்திய இராமனின் பெயரோடு ஒட்டிய ஒரு சொல், ஏழு வயதுப் பிள்ளையை நடுங்கச் செய்திருக்கிறது.

இனி எழும்பூருக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னை வந்து சேர்ந்தார். 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட இராணுவ ஆண் அநாதை இல்லத்தின் மேற்பார்வை அவரிடம் வந்தது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவற்று நின்ற பிள்ளைகளே அங்கு மிகுதி. அவர்களுக்கு எழுத்தறிவிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு நாள் காலை குதிரையில் போனபோது வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டதாகப் பெல் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்காலத்து ஐரோப்பியர் தமிழையே 'மலபார்' என்று குறிப்பது வழக்கமாதலால், அவர் கண்டது தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளி என்று கொள்வதே பொருத்தம்.

இல்லத்திற்குத் திரும்பிய பெல், அம்முறையிலேயே எழுத்துக் கற்பிக்குமாறு ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியருக்கு அதில் மனமில்லை, அது நடவாத காரியம் என்றார். பெல் அவரோடு வாதாடாமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டுக் கடைநிலை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சம்பளம் வாங்கிய ஆசிரியரால் இயலாது என்று சொல்லப்பட்டதை ஒரு படைவீரனின் பிள்ளை செய்து காட்டினான். மணலும் சட்டாம்பிள்ளையும் ஓர் ஐரோப்பியக் கல்விமுறையாக வடிவெடுத்தது இவ்வாறுதான்.

1796இல் தாய்நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே இச்சோதனையை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே சென்னையின் பெயர் இருந்தது. 1798 வாக்கில் லண்டனின் சவுத்வர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைக் கைக்கொண்டார். மணல் எழுத்துக்குப் பெல்லுக்குக் கடன்பட்டதை அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் இருவர் கட்சிக்காரர்களுக்கும் பெரும்பூசல் மூண்டது. ஆங்கிலத் திருச்சபை பெல்லின் பக்கம். மற்றச் சபையினர் லங்காஸ்டரின் பக்கம். 1811இல் திருச்சபை சார்பில் அமைந்த தேசியக் கல்விச் சங்கம் 'மெட்ராஸ் முறை'யை நாடெங்கும் பரப்பியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர். நம் ஊரே 1996இல் சென்னை என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரின் அந்தப் பள்ளி இன்றும் மெட்ராஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைச் சொன்னதும் எங்கள் முதல் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தீர்களா? அவனுக்கே நாம்தான் கற்றுக் கொடுத்தோம்!" அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கும் மனமில்லை. ஆயினும் வரலாறு அவ்விடத்தில் நிற்கவில்லை.

கடல் கடந்த மணல் இங்கிலாந்தில் என்ன செய்தது? சிக்கனம் செய்தது. ஆசிரியர் ஒருவரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடக்கலாம். தாளும் மையும் வேண்டா. உதவி ஆசிரியருக்குச் சம்பளமும் வேண்டா. ஆலைத்தொழில் பெருகி, ஏழைப் பிள்ளைகள் நகரங்களில் நெருங்கிய காலம் அது. அவர்களுக்குக் குறைந்த செலவில் வேதமும் ஒழுங்கும் புகட்ட இம்முறை வாய்ப்பாயிற்று. ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்பது தம் கருத்தன்று என்று பெல்லே பிற்பதிப்பொன்றில் எழுதினார். எழும்பூரில் ஒரு பிள்ளையின் கையை விடுவித்த அதே உத்தி, இங்கிலாந்தில் பிள்ளைகளை அவரவர் இடத்திலேயே இருத்தி வைக்கவும் பயன்பட்டது. மணலின்மேல் குற்றமில்லை. யாருக்காகச் சிக்கனம் என்பதே கேள்வி.

இக்கேள்வியோடு நம் நாட்டிற்குத் திரும்பினால், 1822ஆம் ஆண்டு நம்மை எதிர்கொள்கிறது. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளையும் மாணவர்களையும் சாதிவாரியாகக் கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களைப் பணித்தார். கணக்குகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் தொகை வருகிறது: பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பள்ளி வயதுச் சிறுவரில் நால்வரில் ஒருவன் பள்ளியில் கற்கிறான், வீட்டில் கற்போரையும் சேர்த்தால் மூவரில் ஒருவன் எனலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

பிற்காலத்தில் பெரும்போருக்குக் களமான எண்கள் இவை. 1931 அக்டோபர் 20 அன்று லண்டன் சாதம் மாளிகையில் பேசிய காந்தியடிகள், ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றும், பழைய கல்வி என்னும் மரத்தின் வேரை ஆங்கிலேயர் தோண்டிவிட்டனர் என்றும் குற்றம் சாட்டினார். டாக்கா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த பிலிப் ஹார்டாக் அதற்குச் சான்று கேட்டார். கடிதப் போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அறிஞர் தரம்பால் ஆவணக் காப்பகங்களைத் துருவி அந்த ஆட்சியர் அறிக்கைகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்டார். காந்தியின் உவமையையே ஏற்று அந்நூலுக்கு 'அழகிய மரம்' என்ற பொருளில் தலைப்பிட்டார்.

எங்கள் முதல் நண்பர் இந்நூலின் பக்கத்தவர். அவருக்கு ஆதரவாக அதில் வலுவான செய்திகள் உண்டு. தமிழ் மாவட்டங்களில் பள்ளி மாணவருள் பிராமணர் முதலிய மேல்வருணத்தார் தென்னார்க்காட்டில் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே. 'சூத்திரரும் பிற சாதியாரும்' என்று குறிக்கப்பட்டோர் சேலத்திலும் திருநெல்வேலியிலும் எழுபது விழுக்காட்டினர். தென்னார்க்காட்டில் எண்பத்துநான்குக்கும் மேல். கல்வி முழுவதும் ஒரே சாதியின் கையில் இருந்தது என்ற எளிய கூற்றை இவ்வெண்கள் மறுக்கின்றன. பள்ளிகள் நலிந்ததற்கான காரணத்தையும் ஓர் ஆங்கில அதிகாரியே சொல்லியிருக்கிறார். பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், ஐரோப்பியத் துணி வந்து உள்நாட்டு நெசவு குன்றியதையும், மக்கள் வறுமையுற்றதையும், பள்ளிக்கு அனுப்ப இயலாத பெற்றோர் பெருகியதையும் ஒளிக்காமல் குறித்தார்.

ஆனால் இரண்டாம் நண்பரின் பக்கமும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. கணக்கில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். கோயிலில் ஆடும் மகளிரும் வெகு சில சமூகத்தாரும் நீங்கலாகப் பெண்களுக்குக் கல்வி இல்லை என்று மன்றோ எழுதுகிறார். 'பிற சாதியார்' என்ற பத்தியில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் பத்தி சொல்வதில்லை. திண்ணை என்பது வீட்டின் உறுப்பு. எவர் தெருவில் எவர் நடக்கலாம் என்பதற்குத் தடை இருந்த ஊரில், எவர் திண்ணையில் எவர் உட்காரலாம் என்பதற்கு மட்டும் தடை இல்லாமல் இருந்திருக்குமா? 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனியே இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்பதே அதற்கு விடை. மரம் அழகியதாகவே இருந்திருக்கலாம். அதன் நிழல் சேரி வரை நீளவில்லை.

ஆக, இரு நண்பர்களும் ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பத்தியைப் படிக்கிறார்கள். ஒருவர் இருந்தோரை எண்ணுகிறார். மற்றவர் இல்லாதோரை எண்ணுகிறார். இரண்டையும் சேர்த்துக் கூட்டத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

அவ்வாறு கூட்டிப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டில் நம் மாநிலத்துப் பள்ளிகளில் நிகழ்ந்தவை வேறு விதமாகத் தெரிகின்றன. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தந்தது, 1956இல் காமராசர் ஆட்சி அதனை மாநிலத்திற்கு விரித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். செலவு ஏறும் என்று தெரிந்தே செய்தவை இவை. இடையில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் எதிர்த்திசையில் சென்றது. ஒரு வேளை பள்ளி, மறு வேளை வீட்டுத்தொழில் என்றால் அதே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகள் பயிலலாம் என்ற சிக்கனம் அதில் இருந்தது. குலக்கல்வி என்று கண்டித்து எழுந்த எதிர்ப்பில், 1954இல் அது கைவிடப்பட்டது. யாருக்காகச் சிக்கனம் என்ற அதே கேள்வியைத்தான் அன்று மக்கள் கேட்டார்கள்.

கருவியைப் பற்றிய நம் தேநீர்க் கருத்துகளையும் இவ்வொளியில் பார்க்கலாம். 2011இல் அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, படிப்பு உயர்ந்துவிடும் என்றார்கள் சிலர். பிள்ளைகள் படம் பார்த்துக் கெடுவார்கள் என்றார்கள் சிலர். மணலும் பலகையும் கணினியும் தாமாக எவரையும் உயர்த்துவதோ கெடுப்பதோ இல்லை. யார் கைக்கு வந்தது, அதனோடு ஓர் ஆசிரியரும் வந்தாரா என்பவையே பயனை முடிவு செய்கின்றன.

பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் இருபது பிள்ளைகள் கூடினார்கள். பட்டம் முடித்த ஓர் இளம்பெண் தன்னார்வலர் அவர்களுக்குக் கற்பித்தார். சில நாள்களிலேயே நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டத் தொடங்கியதை நாம் நின்று பார்த்தோம். எழும்பூர்ச் சிறுவன் நினைவுக்கு வந்தான். மறுநாள் துறை அறையில் அதை நெகிழ்ந்து சொன்னோம். திண்ணைப் பள்ளி திரும்பிவிட்டது என்று இரு நண்பர்களும் முதன்முறையாக ஒரே குரலில் மகிழ்ந்தார்கள்.

அந்தத் தன்னார்வலருக்குரிய ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அதைப் பற்றி அன்று எங்களுள் எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.