முறைவழியாக்கியும் பணிசெயல் முறைமையின் கருவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கணினியின் வன்பொருளை நேரடியாக ஆண்டு, நினைவகத்தையும் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டளிக்கும் பகுதியே பணிசெயல் முறைமையின் கரு எனப்படும். ஒரு முறைவழியாக்கிக்கென எழுதப்பட்ட கரு இன்னொன்றில் இயங்காமை வெறும் தொழினுட்பச் சிக்கலெனவே பொதுவாக நோக்கப்படுகின்றது. அச்சிக்கல் யாரது உழைப்பால் தீர்க்கப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்னும் வினாக்களோ வரலாற்றுக்குரியன.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸ், பிடிபி-7 பொறிக்கே உரிய தாழ்நிலை மொழியில் எழுதப்பட்டது. பொறி மாறின் எழுத்தும் மாறவேண்டியிருந்தது. 1973 இல் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் அதன் கருவைச் சி மொழியில் மீள எழுதினர். 1977 இல் அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் மில்லர் அதனை இன்டர்டேற்றா 7/32 பொறிக்குக் கொண்டுசென்றார். எனினும் மொழி முழு விடுதலையையும் தந்துவிடவில்லை. குறுக்கீடுகளை ஏற்றல், நினைவகப் பக்கங்களைக் காத்தல், ஒரு பணியினின்றும் மற்றொன்றுக்கு மாறுதல் ஆகியன ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் தனித்தனியே எழுதப்படவேண்டியனவாக எஞ்சின.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இன்டெல் 80386 இன் பணிமாற்ற வசதியையே சார்ந்திருந்தது. 1995 அளவில் அது அல்பா முதலிய பொறிகளுக்கும் விரிந்தது. ஆனால், 2012 டிசெம்பரில் அக்கரு தான் பிறந்த 386 ஐயே கைவிட்டது. பல முறைவழியாக்கிகள் நினைவகத்தைப் பகிரும்போது வேண்டப்படும் ‘ஒப்பிட்டு மாற்றும்’ கட்டளை 386 இல் இல்லை. 486 இலேயே அது வந்தது. அக்குறையை ஈடுசெய்யும் நிரற்பகுதிகளைப் பேணுவதும் உழைப்பே. ஆதலின் இதனைச் சதியெனக் கொள்ளல் தவறு. ஆயினும், 2025 இல் டெபியன் 13 பழைய 32 பிற் இன்டெல் வகைப் பொறிகளுக்கான கருவை வழங்காது விட்டபோது, ஹெவ்லொக் டவுனிலோ வெள்ளவத்தையிலோ பழைய கணினியைத் திருத்திப் பயிலும் மாணவனிடம் எவரும் அபிப்பிராயம் கேட்டிலர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையிற் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் ‘சக்தி’ முயற்சி முக்கியத்துவம் பெறுகின்றது. பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழுவினர், பேர்க்லியில் 2010 இல் தொடங்கிய றிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைத் தழுவினர். 2018 இல் அவர்களது சில்லில் லினக்ஸ் இயங்கியது. ஆனால் அச்சில்லு வார்க்கப்பட்டது இன்டெல்லின் அமெரிக்க ஆலையில், 22 நானோமீற்றர் நுட்பத்தில். அதே ஆண்டில் மொகாலியிலுள்ள அரச ஆய்வுகூடத்தில் வார்க்கப்பட்ட சில்லு 180 நானோமீற்றர் நுட்பத்தினது.

கட்டளைத் தொகுதி பொதுவுடைமையாயிற்று, கருவும் பொதுவுடைமையே. ஆலை மாத்திரம் அவ்வாறன்று. பொருந்தாமை என்னும் சிக்கலின் வேர் நிரலில் மட்டுமன்றி, உற்பத்திச் சாதனங்களின் உடைமையிலும் உள்ளதென்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.