ஆவூரிலிருந்து ரோமாபுரி வரை சென்ற வழக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தின் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்றான ஆவூர், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே அமைந்த சிற்றூரே ஆயினும், ஒருவர் தம் விசுவாசத்தை ஊரறிய அறிக்கையிட்டுத் திருச்சபையில் சேரும் சடங்கு எவ்வாறு அமைய வேண்டும் என்று எழுந்த நெடிய வழக்கோடு தொடர்புடையது. இங்கிருந்த பழைய ஆலயத்தை எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவான புஷே. அது 1547இல் கட்டப்பட்டது எனச் சில குறிப்புகள் கூறுவது பொருந்தாது. புஷே பிறந்ததே 1655இல்தான் என்பதோடு, தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி, ஆவூரும் அடங்கிய மதுரை மிஷனைத் தொடங்கியதும் 1606இல்தான்.

திருச்சபையில் சேர விரும்பியோருக்கு மந்திரங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பித்தவர்கள் வேதியர் எனப்பட்ட உபதேசியார்களே. ஆவூரிலும் பணியாற்றிய வீரமாமுனிவர், இவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை இயற்றினார். கற்றுத் தேறியவர் பசாசை விலக்கி, விசுவாசத்தை அறிக்கையிட்டு, ஞானஸ்நானம் பெறுவார்.

அச்சடங்கில் ஒரு சிக்கல் இருந்தது. செவிடனுக்கு இயேசு செவி திறந்த நிகழ்ச்சியைப் பின்பற்றி, குரு தம் உமிழ்நீரைத் தொட்டுச் சேர்பவரின் காதிலும் மூக்கிலும் தடவுவது ரோமை முறை. எச்சிலைத் தீட்டாகக் கருதிய தமிழ்ச் சமூகத்தில் இது அருவருப்பூட்டும் என்பதால், மதுரை மிஷன் குருக்கள் அதனை விட்டுவிட்டனர். திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை, உமிழ்நீரைக் கட்டாயமாக்கியதுடன், ஞானஸ்நானப் பெயர் புனிதர்களின் பெயராக இருக்க வேண்டும் என்றும், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது என்றும் விதித்தது. ஊரார் கண்ணில் படும் பெயரும் தாலியுமே ஒருவர் எப்பக்கம் சேர்ந்தார் என்பதைக் காட்டியமையால், இவை அற்ப விஷயங்களாக இருக்கவில்லை.

அந்த ஆணையின் மிகக் கனமான பகுதி வேறொன்று. நோயுற்ற பறையர் மக்களுக்கு அவர்களின் குடிசைக்கே சென்று குருக்கள் அருட்சாதனங்களை, அதாவது நற்கருணை முதலிய திருச்சடங்குகளை, வழங்க வேண்டும் என அது வலியுறுத்தியது. ஏனைய சாதியார் விலகிவிடுவர் என்னும் அச்சத்தால் குருக்கள் அக்குடிசைகளுக்குள் நுழையாதிருந்தனர். ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுள் ஒரு பகுதியினர் சாகும் தறுவாயிலும் குருவைத் தம் வீட்டில் காண இயலாதிருந்தது பெருங்கொடுமை. எச்சிலைப் பற்றிய தயக்கத்துக்குக் காட்டத்தக்க பரிவை இதற்குக் காட்ட இயலாது.

ஆணையை எதிர்த்து வாதிட, லைனெஸ் என்னும் குருவுடன் ரோமாபுரிக்குப் பயணமானவர் ஆவூரில் ஆலயம் கட்டிய அதே புஷேதான். ஆயினும் அவர் 1732இல் மறைந்த பின்னரும் வழக்கு நீடித்து, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை மடலால்தான் முடிவுக்கு வந்தது. அப்போதும் பறையர் மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாடே ஒப்புக்கொள்ளப்பட்டதால், சாதிப் பிரிவு திருச்சபைக்குள் நிலைத்தது. ஆவூரின் புதிய ஆலயம் எழுந்தது இதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1747இல்.