கடனில் மூழ்கிய ஓவியன் வீடு

ஓவியர் றெம்பிராண்ட் வாழ்ந்த இல்லம் அம்ஸ்ரர்டாம் நகரில் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. அண்மையில் ஒல்லாந்து சென்றிருந்த வேளை அதனை நாம் பார்வையிட்டோம். அடுக்களை, பெட்டிக்கட்டில், வடதிசைப் பலகணிகளால் ஒளிபெறும் ஓவியக்கூடம், சங்குகளும் சிலைகளும் நிறைந்த சேகரிப்பறை ஆகிய யாவும் கலைஞர் சற்றுமுன்னரே வெளியிற் சென்றார் என்னும் எண்ணத்தைத் தருகின்றன.

இவ்வறைகளில் எது எங்கே இருந்தது என்பதை இன்று எவ்வாறு அறிகின்றோம்? விடை கசப்பானது. 1639இல் 13,000 கில்டருக்கு இவ்வீட்டை வாங்கிய றெம்பிராண்ட், விலைப்பணத்தை முற்றாகக் கட்டி முடித்தாரல்லர். 1656இல் அவர் கடனிறுக்க இயலாதவரானார். கடன் கொடுத்தோரின் பொருட்டு அதிகாரிகள் அறை அறையாகச் சென்று 363 இனங்கள் கொண்ட பட்டியலொன்றை எழுதினர். பொருள்கள் ஏலத்திற் சென்றன. 1658இல் வீடும், வாங்கிய விலையிலும் குறைவாகவே விற்கப்பட்டது. வாடகை வீட்டிற் குடியிருந்த கலைஞர் 1669இல் மறைந்தார். வாடகைக் கல்லறையொன்றிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். 1911இல் அவ்வில்லம் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பின்னாளில் அறைகளை மீளமைத்தோருக்குக் கைகொடுத்தது அந்த ஏலப்பட்டியலே.

கலைஞரின் வீழ்ச்சியை அவருடைய ஊதாரித்தனத்தால் மாத்திரம் விளக்குவோர் உளர். அவர் அளவின்றிச் செலவிட்டது மெய்யே. ஆயினும் 1652 முதல் 1654 வரை இங்கிலாந்துடன் நடந்த போர் அந்நகரின் வாணிகத்தைத் தாக்கிற்று. பணமுடை கண்ட காலத்திற் கடன் கொடுத்தோரும் நெருக்கலாயினர். சந்தையை நம்பி வாழ்ந்த கலைஞர் சந்தையோடு வீழ்ந்தார்.

அச்சந்தை நமக்கும் அந்நியமானதன்று. பட்டியல் எழுதப்பட்ட அதே 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். வீடு விற்கப்பட்ட 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்வசமாயிற்று. 1650இல் றெம்பிராண்ட் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்ட சங்கு, இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய இனமாகும். கீழைத்தேயக் கடல்களை ஆண்ட கம்பனியின் செல்வம் அந்நகருக்குச் சிறப்பளித்தது. எனினும் அந்நகரின் தலைசிறந்த கலைஞருக்கு அது வீட்டைக்கூட உறுதிசெய்யவில்லை.

நூதனசாலைகள் வேண்டாமென்பது நம் கருத்தன்று. மாணவரை அத்தகைய இல்லங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மேதையின் தூரிகையைக் காட்டுவதோடு அமையாது, கடன் பத்திரத்தையும் காட்டுதல் வேண்டும். இறந்தபின் கலைஞனின் கட்டிலைப் பேணும் சமுதாயம், வாழுங்காலத்தில் அவன் உறங்க ஓரிடம் அளித்ததா என்பதே வரலாறு கேட்கும் வினாவாகும்.